நீள்வடம் தவிர்க்கவும்

திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்கு அருகே சுற்றுலா நிறுவனம் நடத்தும் தட்சிணாமூர்த்தி, கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் நாற்பத்திரண்டு பேரைச் சொகுசுக் கப்பலில் அழைத்துச்செல்ல ஏற்பாடு செய்தார். சென்னையில் புறப்பட்டு, கடலைச் சுற்றிக்காட்டிவிட்டு, மூன்றாம் நாள் காலையில் திரும்பிவிடும் கப்பல். அதில் எவற்றைக் கொண்டுவரக் கூடாது என்று கப்பல்காரர்கள் அனுப்பிய பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழாக்கும் பொறுப்பு கயல்விழியிடம் வந்தது. சிதம்பரத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த அவளுடைய ஆய்வுப்பொருள் கலைச்சொல்லாக்கம். பிறமொழிச் சொல் ஒன்றுகூடக் கலவாமல் ஒரு பக்கத்தை எழுதி முடிக்கும்போது அவளுக்கு உண்டாகும் நிறைவு, துவைத்த துணிகளை ஓரம் பிசகாமல் மடித்து அடுக்கியவர்களுக்கு மட்டுமே விளங்கக்கூடியது.

மெழுகுவர்த்தி, சலவைப்பெட்டி, மின்கெண்டி எல்லாம் சிரமமில்லாமல் வந்தன. ஏழாவது வரியில்தான் பேனா நின்றது. சுவரில் இருக்கும் ஒரு பிளக்கை ஆறாகப் பெருக்கித் தரும் அந்த வெள்ளைப் பெட்டியை ஊரில் ஜங்ஷன் பாக்ஸ் என்பார்கள், எக்ஸ்டென்ஷன் என்பார்கள், அவசரத்தில் வெறும் பாக்ஸ் என்பார்கள். தீப்பிடிக்கும் அபாயம் கருதிக் கப்பலில் அதற்குத் தடை. கயல்விழி இரண்டு நாள் யோசித்தாள். மின்சாரத்தை நீட்டிக் கொண்டுபோகும் வடம் என்பதால், "நீள்வடம் தவிர்க்கவும்" என்று எழுதினாள். எழுதியதைத் தானே மூன்று முறை வாசித்துப் பார்த்துக்கொண்டாள்.

புறப்படும் நாள் விடிந்ததும், சென்னைக்குப் போகும் பேருந்தில் அவள் தன் அத்தை மங்கலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மங்கலம் சத்துணவு அமைப்பாளராக முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பத்து ஆண்டுகளுக்கு முன்பே காது படிப்படியாக மங்கி, ஒரு கட்டத்தில் முழுவதுமாக நின்றுவிட்டது. அதன்பின் எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகியிருந்தாள். இரண்டு மாதத்துக்கு முன் மகன் பெங்களூரிலிருந்து ஒரு ஜோடி காதுக்கருவி வாங்கி அனுப்பினான். நாள்தோறும் மூன்று மணி நேரம் சிறு டப்பாவில் வைத்துச் சார்ஜ் போட்டால், அன்றைக்கு முழுவதும் கேட்கும்.

அன்றிலிருந்து அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தீர்த்துக்கொண்டிருந்தாள். குக்கர் விசில், அணில், பக்கத்து வீட்டுச் சண்டை. ஒன்று மட்டும் பாக்கி. அவளுடைய கணவர் கொளஞ்சியப்பன், கடலூர் சிதம்பரம் தடத்தில் நடத்துநராக இருந்தவர், பாட்டுப் பிரியர். சாப்பிட உட்கார்ந்தால் பாடாமல் எழுந்திருக்க மாட்டார். ஆனால் காதுக்கருவி வந்த நாளிலிருந்து அவர் பாட வாய் திறக்கவில்லை. தொண்டை சரியில்லை என்றார், குளிர் என்றார், சித்திரை மாதத்திலும் குளிர் என்றார்.

கப்பலில் இரண்டாம் நாள் மாலை ஆறு மணிக்குப் பயணிகளின் கலை நிகழ்ச்சி உண்டு என்று தெரிந்ததும், மங்கலம் அவரைக் கேட்காமலே அவர் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

"இந்த மனுஷன் பாடுறத கேட்டு பத்து வருஷம் ஆவுது கயலு. நாலு பேர் எதிர்ல மேடையில ஏத்திட்டா தொண்டை தானா சரியாயிடும்," என்றாள் பேருந்தில். "அதுக்குத்தான் நான் கப்பலுக்கே வரேன். கடலத்தான் தேவனாம்பட்டினத்துல தெனம் பாக்குறமே."

முன்சீட்டில் கொளஞ்சியப்பன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மடியில் புது ஆறு ஓட்டைப் பாக்ஸ் ஒன்று அட்டைப்பெட்டியோடு இருந்தது.

சென்னைத் துறைமுகத்தில் பைகளைப் பரிசோதிக்கும் இயந்திரம் மூன்றாவது பையிலேயே நின்றது. அதிகாரி உள்ளிருந்து ஒரு பாக்ஸை எடுத்து மேசையில் வைத்தார். அடுத்த பையில் இன்னொன்று. அதற்கடுத்ததில் இரண்டு. சற்று நேரத்தில் மேசையில் பதினேழு பாக்ஸ்கள் குவிந்தன. சிலவற்றின் வயர் நாலு மீட்டர் இருக்கும்.

"எல்லாரும் எலக்ட்ரீசியனா சார்?" என்று அதிகாரி தட்சிணாமூர்த்தியிடம் கேட்டார். "இதுக்கு அனுமதி இல்லன்னு சொல்லலியா?"

"தமிழ்லயே அடிச்சி கொடுத்தேனே சார்," என்று அவர் கயல்விழியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏழாவது வரி," என்றாள் கயல்விழி. "நீள்வடம்னு தெளிவா போட்டிருக்கேன்."

வரிசையில் நின்றிருந்த புவனகிரி தங்கம்மாள் கழுத்தில் கை வைத்தாள். "ஏம்மா, நீள்வடம்னா சங்கிலி இல்லியா? கப்பல்ல திருட்டு பயம் போலன்னு என் ரெட்டை வடச் சங்கிலிய கழட்டி லாக்கர்ல வச்சிட்டு வந்துருக்கேன்."

"நானுந்தான்," என்றாள் மங்கலம்.

கயல்விழி அப்போதுதான் பார்த்தாள். வரிசையில் நின்ற அத்தனை பெண்களின் கழுத்தும் காலியாக இருந்தது. பட்டுப்புடவைக்கு மேல் மஞ்சள் கயிறு மட்டும். ஒரே ஒரு சொல்லால் இரண்டு ஊர்ப் பெண்களின் நகையைக் கழற்ற வைத்துவிட்டு, அவர்களுடைய பாக்ஸ்களைத் துறைமுகம் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்திருந்தாள்.

"படிச்ச புள்ள எழுதினா இப்பிடித்தான்," என்றாள் தங்கம்மாள். "பாக்ஸுன்னு போட்டிருந்தா பச்சப்புள்ளைக்குக்கூட புரிஞ்சிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். பாக்ஸ்களுக்குச் சீட்டு ஒட்டி, திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். கொளஞ்சியப்பன் தன்னுடையதை எடுத்துக் கொடுத்தபோது, பறிகொடுப்பவரின் முகம் அவருக்கு இல்லை என்பதைக் கயல்விழி கவனித்தாள். பாரம் குறைந்தவர்போல இருந்தார்.

மூவருக்கும் ஒரே அறை. அறையில் ஒரே பிளக். கதவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு ஓட்டையில் அறையின் சாவி அட்டையைச் செருகினால்தான் விளக்கு எரியும், பிளக்கிலும் மின்சாரம் வரும். கயல்விழி, பிழைக்குப் பரிகாரமாக, பிளக்குக்கு ஒரு நேரப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினாள். முதல் உரிமை அத்தையின் டப்பாவுக்கு, மிச்ச நேரம் மூன்று கைப்பேசிகளுக்கு. பட்டியலில் 'பிளக்' என்றே எழுதினாள்.

மறுநாள் காலையில் மங்கலம் டப்பாவைத் திறந்தபோது அதில் பச்சை விளக்கு இல்லை. சாவி அட்டை மேசைமேல் கிடந்தது.

"நான்தான் எடுத்து வச்சேன்," என்றார் கொளஞ்சியப்பன். "வூட்ல எப்பவும் மெயின ஆஃப் பண்ணிட்டுத்தான படுப்பேன். பழக்கம்."

அது உண்மைதான். ஊருக்குப் போகும்போது மீட்டர் பெட்டியின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறவர் அவர். மங்கலம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். காது இல்லாமலே இட்லி சாப்பிட்டு, காது இல்லாமலே மேல்தளத்துக்குப் போய், தூரத்தில் தெரிந்த ஒரு கோட்டைக் காட்டி அது பரங்கிப்பேட்டைதான் என்று தங்கம்மாளோடு வாதாடி ஜெயித்தாள். எதிராளி சொன்னது எதுவும் கேட்காததால் ஜெயிப்பது எளிதாக இருந்தது. அது இலங்கைப் பக்கம் என்று தட்சிணாமூர்த்தி சொன்னதை இருவருமே பொருட்படுத்தவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு அறைக்குத் திரும்பிய பிறகுதான் டப்பாவை மறுபடி பிளக்கில் போட முடிந்தது. போட்டுவிட்டு மங்கலம் கண்ணயர்ந்தாள். மூன்று மணிக்குக் கயல்விழி கப்பலின் நூலகத்திலிருந்து திரும்பி வந்து கதவைத் தட்டினாள். தட்டினால் அத்தைக்குக் கேட்காது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. கதவின் அடி இடுக்கைக் குனிந்து பார்த்தாள். விளக்கு எரிவதற்கான அடையாளமே இல்லை. உள்ளே மின்சாரம் இல்லை. அட்டையை யார் எடுத்திருப்பார்கள் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

கொளஞ்சியப்பன் மேல்தளத்தின் கோடியில், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பேருந்துப் படிக்கட்டில் நிற்பவர்போலச் சற்றே சாய்ந்து நின்றார்.

"மாமா, ராத்திரி பழக்கம். சரி. இப்ப பட்டப்பகல்."

அவர் சட்டைப்பையிலிருந்த அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அத்தை ஒரே ஒரு ஆசையில வந்துருக்காங்க மாமா. அது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் பாப்பா. அதான் பயமா இருக்குது."

"நீங்க சுமாராத்தான் பாடுவீங்கன்னு அவுங்களுக்குத் தெரியாதா?"

"சுமாரா பாடுறது பிரச்சன இல்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "காது நின்ன புதுசுல, ஒரு நாளு புளிக்கொழம்புல உப்பே இல்ல. எப்பிடி சொல்றது? பாவமா இருந்துச்சு. அதையே ஒரு மெட்டுல போட்டு பாடிட்டேன். பாட்டுன்னு நெனச்சி தலைய ஆட்டி சிரிச்சா. அப்புறம் அதே வழக்கமாயிடுச்சு. ரசம் புளிக்குது, பொரியல் தீயுது, எல்லாத்தையும் பாட்டா பாடிடுவேன். பத்து வருஷம். ஒவ்வொரு தடவையும் சிரிப்பா. இப்ப மேடையில ஏறி வாயத் தொறந்தா என் வாயி எங்க போவும்னு எனக்கே தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சா, பத்து வருஷமா ஏமாத்திட்டேன்னு ஆயிடாதா?"

கயல்விழிக்குச் சிரிப்பும் வந்தது. அவரைப் பார்க்கக் கஷ்டமாகவும் இருந்தது. அட்டையைக் கேட்டுக் கையை நீட்டினாள். அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அறைக்கு ஓடினாள். கதவைத் திறந்ததும் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. டப்பாவின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி மினுங்கியது. மங்கலம் கட்டிலில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். கதவோரத்து ஓட்டையில் அவளுடைய ரேஷன் கார்டு செருகியிருந்தது.

"எழுந்து பாத்தேன், கரண்டு இல்ல," என்றாள் மங்கலம், தன் குரலின் அளவு தெரியாமல் உரக்க. "அந்த ஓட்டைக்கு எந்த கார்டுன்னு தெரியவா போவுதுன்னு இத சொருவினேன். எரியுது. நம்ம ஊரு ரேஷன் கடையில விரல் வச்சாக்கூட சர்வர் இல்லன்றான். இங்க பாரு, கார்ட காட்டினாலே கொடுக்குறான்."

கயல்விழி தன் கையிலிருந்த சாவி அட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மேல்தளத்தில் கேட்டதை அவள் சொல்லவில்லை.

ஆறு மணிக்கு அரங்கில் மங்கலம் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். இரண்டு காதுக்குப் பின்னாலும் கருவி இருந்தது. தட்சிணாமூர்த்தி ஒலிவாங்கியைப் பிடித்து, "அடுத்து நம்ம மச்சான் கொளஞ்சியப்பன். சில்லற கேக்காம பாடுவாரு," என்று அறிவித்தார்.

கொளஞ்சியப்பன் மேடையேறினார். மனைவியின் காதுகளைப் பார்த்தார். தான் பணியில் இருந்தபோது கட்டிய பாட்டையே பாதுகாப்பு என்று எடுத்துக்கொண்டார். அதில் ஊர்ப்பெயர்கள்தான் இருக்கும்.

"கடலூர் ஓ.டி. தாண்டிப்புட்டா
காத்து வீசும் ஆலப்பாக்கம்
புள்ளத்தாச்சிக்கு எடம் கொடுங்க
புதுச்சத்திரம் வருது பாருங்க"

கூட்டம் கைதட்டத் தொடங்கியது. ஒவ்வொரு நிறுத்தம் வரும்போதும் அந்த ஊர்க்காரர்கள் கை தூக்கினார்கள். குரல் அங்கங்கே கரகரத்தாலும் தாளம் தப்பவில்லை. மங்கலம் கண்ணை மூடிக்கொண்டாள். பத்து ஆண்டுகளில் அவர் பாடும்போது அவள் கண்ணை மூடியது அன்றைக்குத்தான்.

அதைக் கண்ட நொடியில் அவருக்கு வரி மறந்தது. பெரியப்பட்டுக்கு அடுத்து என்ன? மெட்டு நிற்காமல் ஓடியது. வாய் தனக்குப் பழகிய பாதையில் திரும்பிவிட்டது.

"பெரியப்பட்டு எறங்குறவங்க
புளிக்கொழம்புல உப்பக் காணோம்"

அரங்கம் ஒரு கணம் விழித்தது. பிறகு அதுவும் பாட்டுதான் என்று எண்ணிக் குலுங்கிச் சிரித்தது. "எங்க வூட்லயும் இதே பாட்டுதான்," என்று தங்கம்மாளின் கணவர் குரல் கொடுத்தார். கொளஞ்சியப்பன் சிரிக்கவில்லை. ஒலிவாங்கியைக் கீழே இறக்கினார். மங்கலம் கண்ணைத் திறந்து அவரையே பார்த்தாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள். "அடுத்தது ரசம் வரணும்."

அவர் மேடையின் விளிம்புக்கு வந்தார்.

"ரசத்துல புளி ஜாஸ்தி, நாக்கு கூசுது மங்கலம். அதான அடுத்த அடி? அப்புறம் பொரியலு. பாடுங்க."

"உனக்கு எப்பிடி..."

"பத்து வருஷமா உதட்டப் பாத்துத்தான இந்த ஊரு உலகத்தோடயே பேசினேன். ஒங்க உதடு மட்டும் தெரியாதா? வார்த்தை எல்லாம் எனக்கு மனப்பாடம். மெட்டுதான் தெரியாம இருந்துச்சு. இப்ப தெரிஞ்சிருச்சு, நல்லாத்தான் இருக்கு. பாடுங்க, பின்னால ஜனங்க காத்திருக்காங்க."

கொளஞ்சியப்பன் பாடினார். ரசம், பொரியல், தீய்ந்த அப்பளம், பத்து ஆண்டுச் சாப்பாடு முழுவதும் பாடி, கடைசியில் பி.முட்லூர் வழியாகச் சிதம்பரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மங்கலம் காதைத் தொட்டுக் கருவியின் ஒலியைச் சற்றே குறைத்துக்கொண்டாள்.

இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "தெரிஞ்சிருந்தா, உப்ப சரியா போட்டிருக்கலாமே."

"முப்பது வருஷம் இருநூறு பிள்ளைங்களுக்கு அளவு பாத்து ஆக்கிப்போட்டவ நானு. எனக்கா அளவு தெரியாது?" என்றாள் மங்கலம். "மொத நாளு மறந்துதான் போச்சு. நீங்க பாடினீங்க. அந்த மூஞ்சிய பாக்க நல்லா இருந்துச்சு. சரியா போட்டா எங்க பாடாம எழுந்துடுவீங்களோன்னு, அதுக்கப்புறம் வேணும்னேதான் கொறச்சேன்."

மூன்றாம் நாள் காலை, துறைமுக மேசையில் பதினேழு வெள்ளைப் பாக்ஸ்கள் காத்திருந்தன. ஒட்டிய சீட்டுகள் பாதி உதிர்ந்திருந்ததால் யாருடையது எது என்று தெரியவில்லை. கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு எல்லோரும் பேருந்தில் ஏறினார்கள். கொளஞ்சியப்பனுக்குப் புதுப் பாக்ஸுக்குப் பதிலாகப் பழையது ஒன்று வாய்த்தது. ஓட்டை நான்குதான், அதிலும் ஒன்று கருகியிருந்தது. அவர் அதைப் பார்க்கவேயில்லை.

"வூட்டுக்குப் போனதும் இன்னா கொழம்பு?" என்று கேட்டார்.

"புளிக்கொழம்பு."

"உப்பு?"

மங்கலம் கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தாள். பச்சை விளக்கு எரிந்தது. கருவிகளை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள்.

"முழு சார்ஜ் இருக்கு," என்றாள். "பாடிக்கிட்டே வாங்க, உப்ப சரியா போட்டுடலாம்."