அளவு நோட்டில் கட்சிக்கு ஒரு கட்டம்

ஊசி விழுந்தால் கேட்காத கடை அது. அளவு கொடுக்க வரும் பெண்கள் அப்படிப் பேசுவார்கள். எல்லோருக்கும் அக்காவான தையல்காரியும் லேசுப்பட்டவர் இல்லை. உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே பதில் சொல்வார். ஆனால் யாருக்கு இடுப்பு எத்தனை அங்குலம் என்று கட்டிய புருஷனே வந்து கேட்டாலும் வாய் திறக்க மாட்டார். அளவு நோட்டை டிராயரில் வைத்துப் பூட்டிவிடுவார்.

தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்த நோட்டைத்தான் தம்பி கேட்டான். கட்சி வேலை என்றால் சாப்பாட்டை மறக்கிற பிள்ளை. அக்காவுக்கு அவன்மேல் உயிர்.

"அளவு யாருக்குக்கா வேணும்? ஃபோன் நம்பரும், யார் எந்தப் பக்கம்கிறதும் போதும். உன்கிட்டதான் எல்லாரும் மனசு விட்டுப் பேசறாங்களே."

"இதுல ஒண்ணும் தப்பில்லையேடா?"

"ஒரு மெசேஜ் அனுப்பப் போறோம், அவ்வளவுதான்."

அக்கா உட்கார்ந்து, ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, யார் எந்தக் கட்சி என்று நிரப்பித் தந்தார்.

நாலாம் நாள், அவரிடம் வழக்கமாகத் தைக்கக் கொடுக்கும் நர்ஸ் ஒருத்தி வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. வேலை நேரத்தில் ஃபோன் எடுக்க முடியாது என்பதால், துணி தைத்ததும் தகவல் சொல்லக் கணவனின் நம்பரைத்தான் அவள் கொடுத்திருந்தாள். அந்தக் கணவனோ, தம்பியின் கட்சியை எதிர்த்து நிற்கும் வேட்பாளரின் டிரைவர்.

"கார்ல வழி பாக்க முன்னாடி மாட்டி வெச்சிருந்த அவர் ஃபோன்ல வந்திருக்குக்கா. 'உங்கள் வீட்டு வாக்கு எங்களுக்கே என்று தெரியும், நன்றி'ன்னு. பின்சீட்டுல இருந்தே ஐயா படிச்சுட்டாரு. சாவிய வாங்கிக்கிட்டு இவரை வேலைய விட்டு அனுப்பிட்டாரு. யாருக்கு ஓட்டுன்னு நான் உங்ககிட்ட மட்டும்தான்க்கா சொன்னேன். என் வீட்டுக்காரருக்கே தெரியாது."

அக்கா உதட்டிலிருந்த குண்டூசிகளை எடுத்து வைத்தார். "நான்தாம்மா எழுதிக் குடுத்தேன்" என்று ஒளிக்காமல் சொன்னார்.

அன்றே தம்பியைப் பிடித்து உட்காரவைத்து, பட்டியலைக் கணினியிலிருந்து அழிக்கச் சொன்னார். "சம்மதம் கேக்காம ஒருத்தரோட அரசியல் கருத்தைச் சேர்த்து வெக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்குக்கா" என்று அவன் முனகினான்.

"தெரிஞ்சுமாடா கேட்ட?"

"எல்லாக் கட்சியும்தான் பண்றாங்க" என்று தலை குனிந்தான்.

அவன் சொன்னது பொய்யில்லை என்பது மறுநாள் தெரிந்தது. நர்ஸையும் டிரைவரையும் அழைத்துக்கொண்டு அக்கா வேட்பாளரைப் பார்க்கப் போனார். தப்பு தன்னுடையது என்றார். வேட்பாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கார் சாவியை மேசைமேல் வைத்தார்.

"இவனுக்கு வேலை உண்டும்மா. அந்தப் பட்டியல்ல எனக்கும் ஒரு காப்பி குடுத்துடுங்க."

அக்கா நர்ஸைப் பார்த்தார். அந்த வீட்டில் சின்னக் குழந்தைகள் இரண்டு. டிரைவர்தான் முந்திக்கொண்டார். "வேணாம்க்கா. நான் வேற வண்டி தேடிக்கறேன்."

அக்கா வேட்பாளர் பக்கம் திரும்பினார். "ஐயா, அவங்க நம்பர் குடுத்தது துணி தைக்க. மனசுல இருந்ததைச் சொன்னது என்னை நம்பி. ஒண்ணுக்குன்னு குடுத்ததை இன்னொண்ணுக்கு எடுக்க எனக்கு உரிமையில்லை, என் தம்பிக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை."

மூவரும் படியிறங்கினார்கள். பாதிப் படியில் டிரைவர் மனைவி பக்கம் சாய்ந்து, "ஆமா, நிஜமாவே அவங்களுக்கா ஓட்டுப் போடப் போற?" என்று கேட்டார்.

நர்ஸ் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "அதை நீங்களும் கேக்கக் கூடாது."