அட்மிரல் தூங்கிய ஒன்பது நாள்

குளியலறை ஓடு விற்கிறவருக்கு அட்மிரல் என்று பெயர் வைத்தது வேறு யாருமில்லை, அவரேதான். கணினியில் நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டு ஆடுகிறவர்களின் இணைய மன்றத்தில் அந்தப் பெயரில்தான் எழுதுவார். கடலை அவர் பார்த்தது கரையிலிருந்து, அதுவும் செருப்பைக் கழற்றாமல். ஆனாலும் "இது நிஜமில்லை" என்று அவர் ஒரு வரி எழுதிவிட்டால் நூறு பேர் ஆமாம் சாமி போடுவார்கள். அந்த விளையாட்டு அதோடு படுத்துவிடும்.

இப்போது அவர் தூக்கியிருந்த கொடி, 'கால வேகம்' என்ற வசதியே கூடாது என்பது. நீர்மூழ்கி வேட்டைக் கடலுக்குப் போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகும். வழியெல்லாம் வெறும் தண்ணீர். அதனால் ஒரு பொத்தான் வைப்பார்கள். அழுத்தினால் மணிக்கணக்கு நொடியில் ஓடிவிடும். "நிஜ கேப்டனுக்கு ஏது பொத்தான்?" என்று அட்மிரல் எழுதினார். விளையாட்டைத் தயாரிக்கும் முதலாளி அந்த வரியை மூன்று முறை படித்தார்.

பொத்தானைச் செய்தவளை அலுவலகத்தில் கடிகாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். வேகத்தை ஏற்ற எந்த மடையனாலும் முடியும். இறக்குவதுதான் வேலை. ஆரம்பத்தில், எதிரி விமானம் வருவதற்கும் குண்டு விழுவதற்கும் நடுவே திரை ஒருமுறைகூட மாறாது. ஆடுகிறவன் கொட்டாவி விட்ட வாயை மூடுவதற்குள் கப்பல் கடலடியில் கிடக்கும். ஆபத்து தலைகாட்டுகிற அந்தக் கணத்திலேயே விளையாட்டின் காலம் தானாக நிதானத்துக்கு வர வேண்டும். அதற்காக ஒரு வருஷம் மண்டையை உடைத்திருந்தாள்.

"அந்த அட்மிரலே நேர்ல வந்து ஆடிப் பார்க்கட்டும்," என்றார் முதலாளி. "வேணாம்னு சொன்னா எடுத்துடலாம்."

"எடுத்துட்டா எனக்கு இங்க என்ன சார் வேலை?"

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதில் கிடைத்துவிட்டது.

"இப்போதைக்கு அதைத் திரையிலேருந்து தூக்கிடும்மா. அவர் கண்ணுல படக் கூடாது."

தூக்கினாள், பொத்தானின் படத்தை மட்டும். விசைப்பலகையில் அதற்கான விசை உயிரோடுதான் இருந்தது.

அட்மிரல் கடற்படைத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். ஓடு வாங்க வந்தவர்கள் முன்னால் அதைப் போடுவாரா என்று கடிகாரத்துக்குக் கேட்கத் தோன்றியது. துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்வரை மனிதர் கம்பீரமாகத்தான் கட்டளையிட்டார். பிறகு தண்ணீர். பிறகும் தண்ணீர். சிகரெட் பிடிக்கப் போனார். திரும்பி வரும்வரை முதலாளி உட்கார்ந்து திரையில் கடலைப் பார்த்தார். அட்மிரல் போன் பேசப் போனார். முதலாளி திரும்பவும் பார்த்தார். மதியம் அட்மிரலின் மனைவி சாப்பாட்டுக் கூடையோடு வந்தார். சாப்பிட்டு முடித்ததும் கேப்டனுக்குக் கண் சொக்கியது.

"இங்க பாரு, நீ உட்காரு. கப்பல் தெரிஞ்சா எழுப்பு," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு முதலாளியின் அறை சோபாவில் போய்ச் சாய்ந்தார்.

அந்த அம்மாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். காற்று குறைந்தபோது கப்பலை மேலே கொண்டுவந்தார், பேட்டரிக்கு மின்னேற்றினார், மறுபடி இறக்கினார். அடுப்பில் பால் வைத்துப் பார்த்துக்கொள்கிற மாதிரி.

கடிகாரம் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வீட்லயும் நீங்கதானாக்கா?"

"பின்ன? தண்ணியப் பார்க்கிறது நான். குண்டு போடறது அவரு."

"நிறுத்தி வச்சிட்டுப் போகலாமே?"

"நிஜக் கடலை நிறுத்த முடியுமான்னு கேப்பாரு. இதனாலேயே என் தங்கச்சி புது வீட்டை இன்னும் போய்ப் பார்க்கலம்மா. எப்பக் கேட்டாலும் இவரு நடுக்கடல்ல இருப்பாரு."

கடிகாரத்துக்கு எரிச்சலும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மன்றத்தில் ஊரையே நிஜம் நிஜம் என்று விரட்டுகிற ஆளின் வீட்டில் கால வேகம் வருஷக்கணக்காக வேலை செய்துகொண்டிருக்கிறது. அதற்குச் சமைக்கவும் தெரியும்.

"அக்கா, அந்த எட்டாம் நம்பரை அழுத்துங்க."

அந்த அம்மாள் அழுத்தினார். திரையில் சூரியன் எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. ஒன்பது பகலும் ஒன்பது இரவும் ஓடின. எண்ணெய் முள் இறங்கியது. கடிகாரம் திரையை நெருங்கிக் குனிந்தாள். இங்கே வேகம் இறங்காவிட்டால் ஒரு வருஷ உழைப்பும் போச்சு. கடல் சட்டென்று நிதானத்துக்கு வந்தது. அடிவானத்தில் மெல்லிய புகைக்கோடு.

பின்னால் ஆறிப்போன காபியோடு முதலாளி நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்ட முகம்.

"என்னங்க, கப்பல்!" என்று மனைவி குரல் கொடுத்தார்.

அட்மிரல் ஓடிவந்தார். கன்னத்தில் சோபாவின் தையல் அச்சு. திரை மூலையில் தேதி ஒன்பது நாள் தாண்டிக் கிடந்தது. அந்தப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. மூன்று கப்பலைச் சாய்த்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா? பொத்தான் இருந்தா இந்தச் சுகம் வருமா? காத்திருக்கணும் சார். ஒவ்வொரு நிமிஷமும் உடம்புல ஏறணும்."

"ஏறுது சார், ஏறுது," என்றார் முதலாளி. கடிகாரத்தைப் பார்க்காமலே பேச்சை மாற்றினார். "ஒரு சந்தேகம். நிஜக் கப்பல்ல கேப்டன் தூங்கும்போது வேற ஒருத்தர் பார்த்துக்குவாங்கல்ல? அதுக்கு ஒரு ஏற்பாடு வைக்கலாமா?"

"மாற்றுக் காவலா? கண்டிப்பா வைக்கணும். அதுதானே நிஜம்!"

பொத்தான் அதே இடத்துக்கு, அதே வேகத்தோடு திரும்ப வந்தது. மாறியது பேர் ஒன்றுதான்: மாற்றுக் காவல். அட்மிரல் மன்றத்தில் புகழ்ந்து தள்ளினார்; நூறு பேர் ஆமாம் சாமி போட்டார்கள். யோசனை அவருடையது என்று விளம்பரத்தில் போட்டார் முதலாளி. கடிகாரத்துக்கு வேலை மிஞ்சியது. இவர்களிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க அவள் ஒன்றும் முட்டாள் இல்லை.

விளையாட்டு வெளிவந்த வாரம் அந்த அம்மாள் போன் செய்தார். பின்னால் பேருந்து இரைச்சல்.

"தங்கச்சி வீட்டுக்குப் போய்க்கிட்டிருக்கேம்மா. நாலு நாள் இருப்பேன்."

"நீங்க இல்லைன்னு அவர் தேடலையாக்கா?"

"எங்க தேட? மாற்றுக் காவலைப் போட்டுட்டுத் தூங்கறாரு. இன்னும் கப்பல் தெரியலையே."