கவனமாக அடித்தால் திறக்காது

தம்பியைப் போனில் கூப்பிட அக்காவுக்கு எண்பத்தாறு நாள் தேவைப்பட்டது. கையில் இருந்ததோ மொத்தமே தொண்ணூறு நாள். எண்பத்தாறையும் வீம்புக்கு வாரிக் கொடுத்துவிட்டாள் என்று அவள் கணவர் சொன்னபோது சுருக்கென்றது. உண்மையைச் சொன்னால் யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது?

அக்காவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஆறு மணியிலிருந்து வரிசையாக நீளும் கைகளில் நரம்பு தேடுவாள். இருபது வருடத்துக்கு முன் அங்கே இரண்டு பேருடைய ரிப்போர்ட் மாறிப்போய், குத்துக்கல் மாதிரி இருந்த ஒரு மனிதர் இரண்டு நாள் தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் புத்திமதி சொல்லி அழுதார். அந்த ஆத்திரத்தில் அக்காவும், அப்போது கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த தம்பியும் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதினார்கள். ஒவ்வொரு ரத்தக் குப்பிக்கும் ஓர் எண். அந்த எண்ணை வைத்து வீட்டிலிருந்தே ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு 'சொட்டு' என்று பெயர் வைத்தார்கள்.

யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், ஆனால் திருத்தியதைத் தனக்கென்று பூட்டி வைத்துக்கொண்டு அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது என்று ஓர் உரிமத்தையும் சேர்த்து இணையத்தில் போட்டார்கள். எங்கெங்கோ இருந்த கூடங்கள் எடுத்துக்கொண்டன. எத்தனை இடத்தில் ஓடுகிறது என்று எழுதியவர்களுக்கே தெரியாது. சும்மா கொடுத்ததற்கு யார் பட்டியல் வைத்திருக்கிறார்கள்?

அதில் இப்போது ஓர் ஓட்டை. தன்னைக் 'கரப்பான்' என்று அழைத்துக்கொள்ளும் ஒருவர் கண்டுபிடித்து அக்காவுக்கு மெயில் எழுதியிருந்தார். ரிப்போர்ட்டின் இணைய முகவரியில் ஓர் இலக்கத்தை மாற்றினால் அடுத்தவருடைய ரிப்போர்ட் திறந்துகொள்கிறதாம். யாருக்கு என்ன நோய், யார் கர்ப்பம், எல்லாம் சந்தி சிரிக்கும். தொண்ணூறு நாளில் சரிசெய்யுங்கள், அதற்குப் பிறகு ஊரறியச் சொல்லிவிடுவேன் என்றும் எழுதியிருந்தார். அது மிரட்டல் இல்லை, அந்தத் தொழிலின் வழக்கம். நல்லவர் ஒருவர் கண்டுபிடித்ததைக் கெட்டவர் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகிவிடும்?

ஓட்டையை அக்கா மூன்றே வாரத்தில் அடைத்துவிட்டாள். சிக்கல் அதை அனுப்புவதில் இருந்தது. ஒவ்வொரு கூடத்திலும் ஓடும் சொட்டு, புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று தினமும் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் அக்கா, தம்பி இருவரின் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத எதையும் சீந்தாது. அந்தக் கையெழுத்தைப் போடும் ரகசியச் சாவி, இணையத்தில் ஒரு நாளும் இணைக்கப்படாத ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. அதைத் திறக்கும் கடவுச்சொல்லில் முன்பாதி அக்காவுக்குத் தெரியும், பின்பாதி தம்பிக்குத் தெரியும்.

இந்த ஏற்பாடும் அக்காவுடையதுதான். ஒரு தடவை தம்பி அவளிடம் சொல்லாமல் அரைவேக்காட்டுப் பதிப்பு ஒன்றை வெளியிட, ஒரு நாள் முழுக்க எல்லாக் கூடங்களிலும் லேபிள் தலைகீழாக அச்சானது. அன்றைக்கே அவள் சட்டம் போட்டுவிட்டாள். இருவரும் இருந்தால்தான் சாவி திறக்க வேண்டும், ஒருவர் தன் பாதியை அடிக்கும்போது மற்றவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். பிற்காலத்தில் இருவரும் ஒரே அறையில் நிற்கவே மாட்டார்கள் என்று அந்தச் சட்டம் போட்டபோது யாருக்குத் தெரியும்?

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு கம்பெனி சொட்டை விலைக்குக் கேட்டது. வாங்கிப் பூட்டிவிடுவார்கள், அதற்கப்புறம் வரும் பதிப்புகளை யாரும் பிரித்துப் பார்க்க முடியாது. எழுதியவர்கள் இருவரும் சம்மதிக்க வேண்டும். தம்பி சரி என்றான், அக்கா முடியாது என்றாள். "நீயும் உன் கொள்கையும் நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு அவன் அந்தக் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அதன் பிறகு சொட்டுக்குப் புதுப் பதிப்பே வரவில்லை. அப்பாவின் காரியத்தில்கூட இரண்டு பேரும் ஆளுக்கொரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வியாழக்கிழமை ஒருவழியாகப் போனை எடுத்தாள்.

"நான்தான்."

"தெரியுது. நம்பரை அழிக்கல."

"சொட்டுல ஓட்டை. அடுத்தவங்க ரிப்போர்ட்டைப் பார்க்கலாம். திங்கட்கிழமை ஊருக்கே தெரிஞ்சிடும்."

"சனிக்கிழமை மத்தியானம் வரேன்" என்றான்.

சொன்னபடி வந்தான். தலை பாதி நரைத்திருந்தது. தம்பிக்கு நரைத்ததைப் பார்ப்பது தனக்கு நரைத்ததைப் பார்ப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது அவளுக்கு. "வாங்க மாப்பிள்ளை, வழி தெரிஞ்சுதா?" என்று அவள் கணவர் ஒரு குத்து குத்தினார். "தெரிஞ்சுது மாமா" என்று அவன் வாங்கிக்கொண்டான்.

மாடியில் சாமான் அறை. பழைய மின்விசிறிக்கும் மடக்குக் கட்டிலுக்கும் நடுவில் அந்தக் கம்ப்யூட்டரைத் துடைத்து மேஜைமேல் வைத்திருந்தாள். கீபோர்டு மட்டும் புதியது. பழையதை அவள் கணவர் இரண்டு வருடத்துக்கு முன் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டு, வீட்டைச் சுத்தம் செய்ததாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

பொத்தானை அழுத்தியதும் கம்ப்யூட்டர் இரண்டு தடவை கூவியது. அந்தச் சத்தம் கேட்டதும் இருவருக்கும் அப்பாவுடைய ஜெராக்ஸ் கடையின் பின்னறை கண்முன் வந்துவிட்டது. சூடான காகித வாசனை. ஒரே நாற்காலி, அதற்கு ஓயாத சண்டை. அக்கா இடக்கைக்காரி என்பதால் மவுஸை இடம் மாற்றி மாற்றி வைத்தே பாதிப் பொழுது போய்விடும். அப்பா அந்தப் பழைய கீபோர்டில் அடித்து ஒட்டும் அறிவிப்புகளில் சொற்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே நிற்கும். 'மின்சாரம்வந்தபின்நகல்கிடைக்கும்'. மூச்சு விடாமல் படிக்கச் சொல்லி வாடிக்கையாளர்கள் ஒருவரையொருவர் சீண்டுவார்கள்.

"முதல் மெயில் ஞாபகம் இருக்கா?" என்றான் தம்பி.

எப்படி இல்லாமல் போகும்? எந்த நாட்டிலிருந்தோ, எழுத்துகூடத் தெரியாத மொழியில், ஒரு கூடத்திலிருந்து நன்றி சொல்லி வந்த மெயில். நன்றி என்பதும் ஓர் ஊகம்தான். அதை நகலெடுத்துச் சுவரில் ஒட்டி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அப்பா காட்டினார். இந்தக் கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் அவர்களுக்குள் ஒரு வேடிக்கையும் உண்டு. தம்பி கவனமாக அடித்தால் திறக்காது, ஏனோதானோ என்று அடித்தால் திறக்கும். அதற்கு ராசி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"சரி, திரும்பு" என்றாள். அவன் சுவரைப் பார்த்தான். அவள் தன் பாதியை அடித்தாள். பிறகு அவள் திரும்ப, அவன் தன் பாதியை அடித்தான். திறக்கவில்லை.

இரண்டாவது தடவையும் திறக்கவில்லை. ஏனோதானோ என்று அடித்துப் பார்த்த மூன்றாவது தடவையும் திறக்கவில்லை.

"நீ உன் பாதியை மறந்துட்ட" என்றாள்.

"நீ மறக்கலைன்னு என்ன நிச்சயம்?"

"நான் மறப்பேனா? ஒன்பது வருஷமா இதைத்தானே கட்டிக்கிட்டு அழறேன்! உனக்குத்தான் இது அழிஞ்சா நல்லது. உங்க கம்பெனிச் சரக்கை விக்கலாம்."

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். தம்பியின் முகம் செத்துப்போயிற்று. இரண்டு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவனிடம் பேசுகிற பேச்சா அது?

"அக்கா, என் பாதி மறக்கிற மாதிரி வாக்கியம் இல்ல" என்றான் மெதுவாக.

"அப்படி என்ன பெரிய வாக்கியம்?"

சொல்லக் கூடாதது. இருபது வருட ரகசியம். அவன் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"டீயைக் கொட்டினது நான்தான், அக்கா இல்லை."

அக்கா மடக்குக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கீபோர்டு வாங்கிய மூன்றாம் நாளே அதன்மேல் டீ கொட்டியது. அப்பா வந்து கத்தியபோது அக்கா பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். மறுநாள் தம்பிக்குப் பரீட்சை. வேறு கீபோர்டு கிடையாது, கெடுத்தவர்கள் இதிலேயே அடித்துச் சாகட்டும் என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதை அவன் வெளியே சொல்லத் தைரியமில்லாமல், ஒவ்வொரு பதிப்புக்கும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். எத்தனை பதிப்பு! அத்தனை தடவையும் அவள் சுவரைப் பார்த்து நின்றிருக்கிறாள்.

"எனக்குத் தெரியாதாடா? உன் சட்டையாலதானே துடைச்சு வச்சிருந்த. அதைத் துவைச்சுப் போட்டதே நான்தான்."

அவன் நிமிர்ந்தான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். டீ. கீபோர்டு. ஒட்டிக்கொண்டே நின்ற அப்பாவின் சொற்கள்.

"டேய், ஸ்பேஸை எந்த விரல்ல தட்டுவே?"

"வலது கட்டைவிரல். ஏன்?"

"டீ பட்டு அந்தக் கீபோர்டுல ஸ்பேஸ் வலது பக்கம் செத்துப்போச்சுடா! இடது பக்கம் தட்டினாத்தான் விழும். நான் இடக்கை, எனக்கு விழுந்துடும். உனக்கும் அப்பாவுக்கும் விழாது. மத்ததெல்லாம் திரையில தெரியும், பார்த்துத் திருத்திப்பே. கடவுச்சொல்லு அடிக்கும்போது எங்கே தெரியுது?"

கடவுச்சொல்லை முதன்முதலில் வைத்த அன்றைக்கே அவன் பாதி இடைவெளி விழாமல்தான் பதிந்திருக்கிறது. கவனமாக அடித்த நாட்களில் இடது பக்கமாகப் பார்த்துத் தட்டியிருக்கிறான், இடைவெளி விழுந்து திறக்கவில்லை, இந்தப் புதுக் கீபோர்டிலோ எப்படித் தட்டினாலும் விழுகிறது. ராசியாவது மண்ணாவது.

இந்தத் தடவை அவள் அடித்ததும் அவன் தன் வாக்கியத்தை இடைவெளியே விடாமல், அப்பாவின் அறிவிப்பு மாதிரி ஒரே மூச்சில் அடித்தான். திறந்துகொண்டது. கையெழுத்து போட்டார்கள். அந்தப் பதிப்பைக் கீழே கொண்டுபோய் அவள் கம்ப்யூட்டரிலிருந்து வெளியிட்டார்கள். கால் மணி நேரத்தில் ஏதோ ஒரு கூடம் புதுப் பதிப்பை எடுத்துக்கொண்டது, பிறகு இன்னொன்று, பிறகு எண்ணிக்கை கடகடவென்று ஏறியது. கரப்பானுக்கு நன்றி சொல்லி ஒரு வரி எழுதினாள்.

பழைய கம்ப்யூட்டரை அணைக்க மறுபடி மாடிக்கு வந்தபோது தம்பி கதவோரம் நின்றான்.

"இனிமே நான் வர வேண்டியதில்லக்கா. என் பாதி உனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ ஒருத்தியே திறந்துக்கலாம்."

ஓட்டை அடைபட்ட நிம்மதி எல்லாம் அந்த ஒரு பேச்சில் போய்விட்டது அவளுக்கு. அணைக்கப் போன கையை எடுத்தாள்.

"கடவுச்சொல்லு வெளிய தெரிஞ்சுபோனா என்ன பண்ணணும்? பெரிய கம்பெனியில இருக்கே, சொல்லு."

"மாத்தணும்."

"அப்ப மாத்து. வந்து உக்காரு."

தன் பாதியை அடித்துவிட்டு எழுந்து நாற்காலியை விட்டுக் கொடுத்தாள். அவன் உட்கார்ந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அப்போதுதான் அவள் கணவர் டீத் தட்டோடு மாடியேறி வந்து, மனைவி சுவரோடு முகம் கொடுத்து நிற்பதைப் பார்த்து மலைத்தார்.

"என்ன, தண்டனையா?"

"நீங்களும் திரும்புங்க மாமா" என்றான் தம்பி.

அவரும் தட்டை ஏந்தியபடி சுவரைப் பார்த்து நின்றார். கீபோர்டு சடசடவென்று சத்தம் போட ஆரம்பித்தது.

பழைய வாக்கியம் எவ்வளவு நேரம் என்று அவளுக்குக் காதுக்கணக்கு உண்டு. இது அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"ஆச்சா?" என்றாள்.

"இன்னும் இல்லக்கா. நிறைய இருக்கு."

அவள் திரும்பவில்லை.