எஸ்பன் ஊற்றிய தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு கிரீம் பன்னில் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போதகர் கதை எழுதினால் பிரசங்கம்தான் வரும் என்று நீங்கள் எழுந்து போய்விடக் கூடாது.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "வடகடல் காற்று கோயில் ஜன்னலை அறைந்துகொண்டிருந்த ஒரு மாலையில்..."

[அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் காற்று அடிக்காத நாள்தான் செய்தி.]

சரி, பன். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து பிறப்பதற்கு முன் தின்று தீர்க்க வேண்டிய பன் அது. லெந்து பிறந்து இரண்டு வாரம் ஆன பிறகும் நாங்கள் சுட்டுக்கொண்டிருந்தோம். டென்மார்க்கில் நோன்பு இருப்பது நாள்காட்டி மட்டும்தான்.

2

பதின்வயதில் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கான திடப்படுத்தலுக்குத் தயாராகும் எட்டுப் பிள்ளைகளுக்கு, கடவுளின் உடன்படிக்கை பற்றிப் பாடம் எடுத்தேன். வெள்ளம் வடிந்த பிறகு கடவுள் நோவாவிடம், "நீ ஒழுங்காக நடந்தால்" என்று பேரம் பேசவில்லை. அவர் வாக்கில் "ஆனால்" கிடையாது. கொடுத்தால் கொடுத்ததுதான். அதனால்தான் ஞானஸ்நானமும் ஒரே ஒருமுறை. இப்படி நன்றாகத்தான் பேசினேன். ஆபத்து நேரத்தில் போதகர் இல்லாமல் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்றும் வாய் சும்மா இருக்காமல் சேர்த்துச் சொன்னேன்.

பிறகு வழக்கம்போல் பொம்மைக்குக் கொடுத்துப் பழகச் சொன்னேன். அதற்குள் அடுப்படியிலிருந்து பன் கருகும் வாசனை வர, ஓடினேன்.

திரும்பி வந்தபோது தில்தேயின் முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பொம்மையின் தலை கழன்றுவிட்டதாம். எட்டுப் பேரில் இன்னும் ஞானஸ்நானம் பெறாதவள் அவள் ஒருத்திதான் என்பதால் அவளையே உட்காரவைத்து, எஸ்பன் மேசையிலிருந்த ஜாடித் தண்ணீரை பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் பெயரால் மூன்று கை ஊற்றிவிட்டான்.

[முதல் வரைவில் எஸ்பனைக் குறும்புக்காரனாக்கினேன். கதைக்கு வசதி. ஆனால் குறும்புக்காரன் ஒரு சொல்கூடப் பிசகாமல் சொல்வானா? மாற்றிவிட்டேன். அவன் ரொம்பக் கவனமான பையன். அதுதான் வினை.]

3

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

"குத்ரூன், இது செல்லுமா?" என்றாள் தில்தே. இங்கே போதகரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

"சும்மா நடிச்சுப் பாத்ததுதானடி. குருத்தோலை ஞாயிறு நெசமாவே கொடுக்கப் போறேனே."

"அவன் நடிச்சான். நான் நடிக்கல."

சிரிப்பு நின்றது.

"தண்ணி விழுந்தப்போ மனசுக்குள்ள ஆமான்னு சொல்லிட்டேன். எனக்கு அது வேணும்னு அப்பதான் தெரிஞ்சுது."

"எஸ்பா, அது சர்பத் ஜாடிதானே? உள்ள சர்பத் இருந்துச்சா?" ஒரு நம்பிக்கையோடு கேட்டேன்.*

"கழுவிட்டுத்தான் ஊத்துனேன்," என்றான்.

* சர்பத்தில் ஞானஸ்நானம் செல்லாது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த நிமிடம் என் இறையியல் முழுவதும் அந்த ஜாடியின் அடியில் கிடந்தது.

4

பேராயர் ஃபோனில் சிரித்து முடிக்கவே நேரமானது. பிறகு ஒரு வழி சொன்னார்: "'நீ இன்னும் பெறவில்லையென்றால்'னு ஆரம்பிச்சுக் கொடுத்துடுங்க. பழைய வழக்கம்தான்."

தில்தே ஒத்துக்கொள்ளவில்லை. "அவர் வாக்குல 'ஆனால்' கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் இந்த 'இல்லையென்றால்' மட்டும் எங்கேருந்து வந்துச்சு?"

அவள் அப்பா மோர்டன் மீன்பிடிப் படகுக்காரன், என்னோடு பள்ளியில் படித்தவன். கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன். மகள் தானே முடிவெடுக்கட்டும் என்று விட்டிருந்தான். அவள் கேட்டுக்கொண்டதால் ஞாயிறு வரச் சம்மதித்தான். பரம்பரையாக வீட்டுக் கைக்குழந்தைகளுக்குப் போட்டு, அவர்கள் பெயரெல்லாம் தைத்துவந்த நீண்ட ஞானஸ்நானச் சட்டையில், வலை பின்னும் கையாலேயே அவள் பெயரையும் தைத்திருந்தான். அதற்குள் இப்போது அவள் கைகூட நுழையாது. தோளில் போட்டுக்கொள்வாளாம்.

துறைமுகத்தில் அவனிடம் நடந்ததைச் சொன்னேன்.

"ஏற்கெனவே ஆயிடுச்சுன்னா சொல்லிடு குத்ரூன், நான் படகுக்குப் போறேன். கோயிலுக்குள்ள வந்து நடிக்கவெல்லாம் என்னால ஆகாது."

அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறது.

5

முடிவு ஒன்று: ஒன்றும் நடக்காததுபோல் நானே மறுபடி ஊற்றுகிறேன். மோர்டன் வருகிறான். தில்தே என்னைப் பார்க்கிற பார்வையை...

[எழுத முடியவில்லை.]

முடிவு இரண்டு: எஸ்பன் கொடுத்ததே செல்லும் என்று அறிவிக்கிறேன். தில்தேவுக்குச் சந்தோஷம். முன்வரிசையில் ஒரு நாற்காலி காலி. அப்பா வரும் அந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் சட்டையைத் தேய்த்து மாட்டிவைத்திருக்கிறாள்.

இருபது வருடமாக இதே பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன். நான் சொன்னதை ஒரு பிள்ளை அப்படியே நம்பி, என் கழுத்தையே பிடித்தது இதுதான் முதல்முறை. பயமாக இருக்கிறது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருக்கிறது.

நாளைதான் குருத்தோலை ஞாயிறு. மணி அடிக்கும். தில்தே தலை குனிவாள். தண்ணீரை இளஞ்சூடாக வைத்திருப்பது என் பொறுப்பு. அதற்கு அடுத்த வரி உங்களுடையது.

ஒன்று மட்டும். நடிக்காமல் எழுதுங்கள். அந்த அப்பாவும் மகளும் கண்டுபிடித்துவிடுவார்கள்.