சட்டைப் பையில் இருந்த கேட்சர்

ஒஹையோ மாநிலத்தில் எங்கள் லோரெய்ன் ஊரில் பிறந்த எவனுக்கும் நியூயார்க் பேஸ்பால் அணியைக் கண்டால் ஆகாது. பக்கத்திலிருக்கும் கிளீவ்லேண்ட் அணி வீட்டுப் பிள்ளை மாதிரி. தோற்றால் நாங்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவோம், ஆனால் அடுத்தவன் திட்டினால் கை நீட்டிவிடுவோம். அந்தக் காலத்தில் பபுள்கம் பொட்டலத்தைப் பிரித்து உள்ளே இலவசமாக வைத்திருக்கும் ஆட்டக்காரர் பட அட்டைகளில் நியூயார்க்காரனின் அட்டை வந்தால் நாங்கள் யோசிப்பதே இல்லை. நேராக சைக்கிளுக்குப் போய்விடும். துணி கிளிப்பால் மாட்டி, சக்கரக் கம்பிகளுக்கு நடுவே நீட்டிவிட்டு மிதித்தால் டர்ரென்று மோட்டார் சைக்கிள் சத்தம் வரும். கம்பிக்கு ஓர் அறை. தெருவெல்லாம் எதிரியை அறைந்துகொண்டே ஏரிக்கரை வரை போவோம். அந்தச் சத்தத்தைக் கேட்க இப்போதும் ஏங்குகிறேன்.

அப்படி நான் அறைந்தே கிழித்தவர்களில் ஒருவன் அவர்களுடைய பெரிய நட்சத்திரம். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் வயிறு எரியும். அந்த அட்டை மட்டும் மூலை மழுங்காமல் இருந்திருந்தால், பழைய அட்டை சேர்ப்பவர்கள் கொடுக்கும் விலைக்கு இன்றைக்கு ஒரு வீடே வாங்கியிருக்கலாம். விதி யாரை விட்டது?

போன வசந்தத்தில் எங்கள் தேவாலயக் கூடத்தில் அட்டைச் சந்தை போட்டார்கள். நான் விற்கவும் போகவில்லை, வாங்கவும் போகவில்லை. சட்டைப் பையில் ஒரே ஓர் அட்டை வைத்திருந்தேன். அது இரண்டாகக் கிழியும் நிலைக்கு வந்துவிட்டதால் பிளாஸ்டிக் உறை ஒன்று தேவைப்பட்டது, அவ்வளவுதான். கடை போட்டிருந்த டக் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“என்ன எட், இத நாய் மென்னு துப்பிச்சா? யாரு இது, ஆர்வில் ஹாட்சா? நம்ம கிளீவ்லேண்ட்ல ஆட எடம் கெடைக்காம பெஞ்சைத் தேய்ச்ச கேட்சர்! புதுசா இருந்தாலே இவன ஒருத்தனும் சீந்த மாட்டான்.”

“உன்கிட்ட விலை கேட்டனா? உறைய எடு.”

பக்கத்தில் நின்ற ஒரு பெண் சட்டென்று திரும்பினாள். அறுபது வயதிருக்கும், நல்ல உயரம். கேட்காமலேயே அட்டையை வாங்கி, உருண்டு போன மூலைகளையும் நடுவில் ஓடிய வெள்ளை மடிப்பையும் விரலால் தடவினாள்.

“இத என்ன பண்ணீங்க?”

“எங்கம்மா என் சட்டையோட சேத்துத் துவைச்சுட்டாங்க. ரெண்டு தடவ.”

“இவர் எங்கப்பா,” என்றாள். பெயர் மார்லீன். “எனக்குக் குடுத்துடுங்க. என்ன கேட்டாலும் தரேன்.”

அட்டையைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அறுபது வருடமாக என்னோடு இருப்பவனை எப்படிக் கொடுப்பேன்?

அவள் விடவில்லை. “சந்தை சந்தையா அலைஞ்சு அப்பாவோட அட்டைய ஒரு அலமாரி நிறைய வாங்கி வெச்சிருக்கேன். எல்லாம் புத்தம் புதுசு. அதான் அவருக்கு வருத்தமே. ‘பாத்தியா, பசங்க பபுள்கம்ம வாயில போட்டுட்டு என்னத் தூக்கி எறிஞ்சிருக்கானுங்க, ஒருத்தன் கை படல’ன்னு சொல்லிச் சொல்லி மாய்வாரு. கை பட்டது ஒண்ணே ஒண்ணு கிடைக்காதான்னுதான் தேடுறேன். அவருக்கு இனிமே ரொம்ப நாள் இல்ல.”

விற்க மாட்டேன், காட்ட மட்டும் வருகிறேன் என்று அவளோடு கிளம்பினேன். வழியெல்லாம் ஒரே கவலை. சாகக் கிடக்கும் மனிதர் நேருக்கு நேர் கேட்டுவிட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மறுப்பது?

முதியோர் இல்லத்தின் ஜன்னலோரம் ஆர்வில் ஹாட்ச் உட்கார்ந்திருந்தார். கேட்சராக மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குந்தி, பந்து பிடித்துப் பிடித்து விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் கோணிக்கொண்டு நின்றன. அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். முகம் சுருங்கியது. ஒஹையோக்காரராயிற்றே, எங்கள் சைக்கிள் விளையாட்டு அவருக்குத் தெரியாதா?

“என்னையும் சக்கரத்துல போட்டுட்டியா, தம்பி?”

“ஐயோ, இல்ல சார்!” என்றேன். “சக்கரத்துல போட்டது அந்த நியூயார்க் நட்சத்திரத்த. நீங்க என் சட்டப் பையில இருந்தீங்க.”

“எதுக்கு?”

“நானும் கேட்சர்தான் சார். வேற யாரும் அந்த எடத்துல குந்த மாட்டேன்னுட்டாங்க, என்னக் குந்த வெச்சாங்க. மட்டையப் புடிக்கிறதுக்கு முன்னாடி பைய ஒரு தடவ தொட்டுக்குவேன்.”

“அடிச்சியா?”

“எங்க சார்! முக்காவாசி அவுட்டுதான்.”

“அப்ப பையில இருந்தது நாந்தான். சந்தேகமே வேணாம்.”

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலியே குலுங்கியது. இருமல் வந்து, அடங்கி, மறுபடியும் சிரித்தார். “அவன் சக்கரத்துல, நான் பையில! இன்னொரு வாட்டி சொல்லு.” சொன்னேன். கண்ணீரைத் துடைக்காமலே கேட்டார்.

நான் பயந்தது வந்தே விட்டது. மார்லீன் என் பக்கம் திரும்பிக் கைப்பையைத் திறந்தாள். “அப்பாவோட சந்தோஷத்தப் பாத்தீங்கல்ல? இது இங்கயே இருக்கட்டுமே.”

என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. தலையை ஆட்டிவிட்டேன்.

“அடி போடி பைத்தியம்!” என்றார் கிழவர். அருகே வா என்று எனக்குச் சைகை காட்டினார். குனிந்தேன். கோணல் விரல்களால் மெல்ல, பந்தைக் கையுறைக்குள் வைப்பது போல, அட்டையை என் சட்டைப் பையில் செருகி மேலே தட்டிக்கொடுத்துவிட்டு மகளிடம் திரும்பினார்.

“ஆயுசு பூரா பெஞ்சுல உக்காந்தேன். எனக்குன்னு ஒரு எடம் இருந்திருக்கு. அதயும் காலி பண்ணச் சொல்றியா?”