அக்காவுக்கு எத்தனை ஜிபி?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கற்பனையில் உதித்ததல்ல. ஒரு கேமரா கடையில், கண்ணாடி மேசைக்கு இந்தப் பக்கம் நின்று நானும் அக்காவும் போட்ட சண்டையில் கிடைத்தது. வாங்கப் போனது தபால்தலை அளவு மெமரி கார்டு. போட்ட சண்டை கல்யாண மண்டபம் அளவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் எழுதும் ஒவ்வொரு பக்கத்தையும் அக்கா உடனுக்குடன் படிக்கிறாள். தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து, பத்து நாள் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்று பத்தாவது நாள். வாயை அடைத்ததால் கைக்குப் பென்சில் வந்துவிட்டது. அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் அவள் ஓரத்தில் எழுதியவை. நீக்கிவிடலாமா என்று பார்த்தேன். நீக்கினால் கதை முழுக்க என்னுடையதாகிவிடும். அதில் எனக்கே அவ்வளவு நம்பிக்கை இல்லை.

(சண்டையெல்லாம் இல்ல. நான் எடுத்துச் சொன்னேன், நீ கத்துன.)

2

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்:

"மேகங்கள் திரண்ட ஒரு மாலையில், இரண்டு சகோதரிகள் தங்கள் கடந்த காலத்தைச் சேமிக்க—"

(மேகமா? வெயில் மண்டையப் பொளந்துச்சு. என் குடையில பாதிய நீ பிடுங்கிக்கிட்ட.)

விட்டுவிட்டேன். அடுத்த தொடக்கம்:

"குரல் என்பது என்ன? காற்றா, நினைவா, அல்லது—"

(அல்லது என்ன? எனக்கும் தெரிஞ்சாகணும்.)

எனக்கும் தெரியவில்லை. ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அக்கா குடிநீர் வாரியத்தின் புகார் பிரிவில் போன் எடுப்பவள். பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. தண்ணீர் வராதவர்கள், கலங்கலாக வருகிறது என்பவர்கள், பக்கத்து வீட்டுக்கு மட்டும் எப்படி வருகிறது என்று குமுறுபவர்கள், எல்லோருக்கும் முதலில் கிடைப்பது அவள் குரல்தான். தண்ணீர் அப்புறம்.

மூன்று மாதமாக அந்தக் குரல் கரகரத்தது. சளி என்று நினைத்தோம். குரல்நாணில் சின்னதாக ஒரு கட்டி என்றார் டாக்டர். எடுத்துவிடலாம், ஆனால் எடுத்தபின் குரல் பழையபடி வருமா, மாறி வருமா, எவ்வளவு வரும் என்று இப்போதே சொல்ல முடியாது என்றார். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி டாக்டர், உங்க புகாரைப் பதிவு பண்ணிக்கிட்டேன்" என்றாள். அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை.

அதற்குள் அந்தக் குரலைப் பிடித்து வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். செல்போனிலேயே பிடிக்கலாமே என்பீர்கள். முயன்றேன். போனை நீட்டியதும் அக்காவின் முதுகு தானாக நிமிர்கிறது. "வணக்கம், புகார் பிரிவு, சொல்லுங்க" என்று ஆபீஸ் குரல் வந்துவிடுகிறது. எனக்கு வேண்டியது வீட்டுக் குரல், என்னைத் திட்டுகிற குரல். அதனால் போனே வேண்டாமென்று, அலமாரியில் கிடந்த பழைய டிஜிட்டல் கேமராவை எடுத்தேன். கேமரா உயிரோடு இருந்தது. உள்ளே இருந்த கார்டு செத்துப் போயிருந்தது.

3

கடைக்காரர்மேல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மனிதர் மேலல்ல, பாத்திரத்தின் மேல். பெரியதைக் கேட்டு வந்தவர்களிடம் சிறியதே போதும் என்று எந்த விற்பனையாளர் சொல்வார்? நீங்கள் நம்பமாட்டீர்கள். அவரைக் கொஞ்சம் கெட்டவராக்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

(பாவம், விட்டுடு.)

"எத்தனை ஜிபி வேணும் மேடம்?" என்றார் அவர்.

"இருக்கிறதிலேயே பெருசு."

"எதை எடுக்கப் போறீங்க?"

"எங்க அக்கா பேசறதை."

அவர் அக்காவை ஒருமுறை பார்த்தார். "எவ்வளவு நேரம் பேசுவாங்க?"

"நிறுத்தினாத்தானே தெரியும்."

கேமராவை வாங்கி, அடிப்பக்கக் கதவைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "பழைய மாடல். முப்பத்திரண்டுக்கு மேல போட்டா இது ஏத்துக்காது. அறுபத்து நாலு குடுத்தேன்னா நாளைக்கே திட்டிக்கிட்டு வருவீங்க."

"முப்பத்திரண்டுல எவ்வளவு நேரம் வரும்?"

"வீடியோன்னா நாலு மணி நேரம். ஆனா அரை மணிக்கு ஒரு தடவை தானா நின்னுடும். திரும்ப அமுக்கணும்."

"அந்த வசதிய அக்காவுக்கும் வைக்க முடியுமா?" என்றேன்.

(இது நீ சொன்னதில்ல. அவர் சொன்னது. நல்ல வசனத்தையெல்லாம் உன் பேர்ல எழுதிக்காத.)

மேசை மூலையில் ஒரு பிளாஸ்டிக் கூடை நிறையப் பளபளவென்று கார்டுகள். ஒன்றில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்று போட்டிருந்தது. கை நீட்டினேன்.

"அதைத் தொடாதீங்க. எங்கேயோ வாங்கி ஏமாந்தவங்க கொண்டாந்து காட்டிட்டு இங்கேயே போட்டுட்டுப் போனது. வெளியிலதான் ஐந்நூறு. உள்ள எட்டுகூட இருக்காது. நிறைஞ்சதுகூடத் தெரியாம வாங்கிக்கிட்டே இருக்கும். வீட்டுல போய்ப் பாத்தா ஒண்ணுமே பதிஞ்சிருக்காது."

இந்த இடத்தில்தான் அக்கா வெடித்தாள்.

"எதுக்குடி இதெல்லாம்? நான் எங்க போகப் போறேன்? ஆளு நிக்கிறப்பவே என்னைப் பெட்டிக்குள்ள போட்டு மூடப் பாக்கிற."

"குரல் மாறிப்போச்சுன்னா?"

"மாறின குரல்ல திட்டுறேன். வாங்கிக்க மாட்டியா?"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

(தேவை. "உனக்கென்ன, நீ பேசுற ஆளு, கேக்குற ஆளு நான்தானே"ன்னு அழுத.)

கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்க்காமல் முப்பத்திரண்டு ஜிபி கார்டின் பொட்டலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆபீஸ் குரலுக்கு மாறி, அவர் பக்கம் திரும்பினாள். "வாரண்டி எத்தனை வருஷம்? தேதி போட்டு எழுதிக் குடுத்துடுங்க, நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது."

அவர் கை அப்படியே நின்றது. "நீங்க... தண்ணி ஆபீஸா?"

"எந்தத் தெரு?" என்றாள் அக்கா, பழக்கதோஷம்.

"போன வருஷம் ஒன்பது நாள் தண்ணி வரல. வீட்டுல அம்மா படுத்த படுக்கை. போன் பண்ணி உங்களை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

"நிறையப் பேர் பேசுவாங்க. தண்ணி வந்துச்சா?"

"லாரி வந்துச்சு. சாயங்காலம் நீங்களே திரும்பக் கூப்பிட்டு, வந்துச்சான்னு கேட்டீங்க. அதான் குரல் மறக்கல."

அக்கா பொட்டலத்தை அவரிடமிருந்து வாங்கிப் பிரித்தாள். பிறகு முப்பத்திரண்டு ஜிபியை எடுத்து என் கையில் வைத்தாள். "சரி. எடுத்துத் தொலை."

4

இங்கே இரண்டு பக்கத்துக்கு ஒரு பொய் எழுதி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, வாழ்க்கையைப் பற்றி நெஞ்சைத் தொடும்படி பேசினாள் என்று.

(நான் அப்படிப் பேசியிருந்தா எனக்கே கொட்டாவி வந்திருக்கும்.)

நடந்தது வேறு. சமையல் மேடை மேல் டப்பாக்களை அடுக்கி, அதன்மேல் கேமராவை நிறுத்தி, பொத்தானை அமுக்கினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்தாள். கேமரா அக்காவைப் பார்த்தது. விளக்கின் முன்னால் அவளுக்குப் பேச்சே வரவில்லை. பிறந்ததிலிருந்து நான் கெஞ்சிக் கேட்ட அமைதி அன்றைக்குத்தான் கிடைத்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபத்தைந்து. கடைசியில் எனக்குத் தாங்கவில்லை.

"வணக்கம், புகார் பிரிவு, சொல்லுங்க" என்றேன், அவளைப் போலவே.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "நிறைய இருக்கு. எழுதிக்கிறீங்களா?"

"சொல்லுங்க மேடம்."

"என் தங்கச்சி ஈரத் துண்டைக் கட்டில் மேல போடுறா."

"பதிவு பண்ணியாச்சு."

"பாதிக் கதை எழுதிட்டு, மீதி வரலைன்னு என் உயிரை வாங்குறா."

"அதுவும் பதிவு. அடுத்து?"

"அடுத்து..." கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை ஆபரேஷன். எனக்குப் பயமா இருக்குங்க. இதுக்கு எந்தப் பிரிவு?"

சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. அரை மணி நேரம் ஆகிவிட்டது. அந்தக் கேள்விக்கு முன்னால் அணைந்ததா, பின்னால் அணைந்ததா என்று நான் கவனிக்கவில்லை. எழுந்து போய்த் திரும்ப அமுக்கவும் இல்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வெளிச்சம் மங்கும்வரை அக்கா பேசினாள். அதில் ஒரு வார்த்தைகூட எந்தக் கார்டிலும் இல்லை.

(இந்தப் பக்கத்துல திருத்த ஒண்ணும் இல்ல.)

5

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டி ஆபத்தில்லாதது என்று முடிவும் வந்துவிட்டது. நாளைக் காலை பத்து மணிக்கு டாக்டர் அவளை எதிரில் உட்காரவைத்து, "ஏதாவது பேசுங்க" என்பார். எழுதுபவளுக்கு இதைவிட வசதியான முடிவு கிடைக்குமா? மூன்று தயாரித்து வைத்தேன்.

அ. பழைய குரல் அப்படியே வருகிறது. டாக்டரே எழுந்து நின்று கைதட்டுகிறார்.

(சினிமா.)

ஆ. குரல் தடித்து, ஆண்குரல்போல வருகிறது. புகார் சொல்கிறவர்கள் பயந்துபோய் மரியாதையாகப் பேசுகிறார்கள்.

(இது பரவாயில்ல. ஆனா வேண்டாம்.)

இ. குரல் வரவில்லை. அக்கா—

இதை முடிக்க எனக்குக் கை வரவில்லை. அவள் படித்துவிட்டு இந்த வரியைத் திட்டவில்லை. ஒரு கோப்பைத் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தாள். மூன்றின் மேலும் ஒரே கோடு. கீழே இப்படி எழுதினாள்:

(நாளைக்கு எந்தக் குரல் வருதோ, அதுல முதல்ல என்ன சொல்றதுன்னு நான் யோசிச்சு வச்சிருக்கேன். அதை நீ எழுதாத. படிக்கிறவங்ககிட்டயும் சொல்லிடு, அவங்களும் எழுத வேண்டாம்.)

சொல்லிவிட்டேன்.