ஏமி போட்ட வாய்ப்பூட்டு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் குரல் தெரியாதவர் யாரும் இல்லை. பாடினாலும் தெரியும், பேசினாலும் தெரியும். எங்கள் கோயில் திருவிழாப் பூசையில் நற்கருணைக்குப் பிறகு வருகிற நன்றிப் பாடலைத் தனியாகப் பாடுவது சாந்தமேரியாகிய நான்தான். வேறு யாரும் கேட்டதில்லை, நானும் விட்டுக்கொடுத்ததில்லை. அப்படிப்பட்ட குரல் இந்த வருடம் திருவிழா வாரத்தில், புதன்கிழமை காலையில் காணாமல் போனது. என் வீட்டுக்காரர் செபாஸ்டியனைக் கூப்பிட்டேன். எண்ணெய் போடாத கதவு திறக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவர் எழுந்து போய்க் கதவைப் பார்த்தார்.

கிளினிக்குக்குப் போகச் சொன்னார். நான் ஏன் போகிறேன்? எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே கடை வரிசையில் ஏமியின் பார்மசி இருக்கிறது. ஏமி எங்கள் பக்கத்து வீட்டுப் பெண், ரயில்வேயில் வேலை பார்த்த ஜெயராஜின் மகள். படித்து முடித்து, செராஸில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்துவிட்டு, இப்போது இங்கேயே சொந்தமாகக் கடை போட்டிருக்கிறாள். சளி, அரிப்பு, சேற்றுப்புண் என்று யார் போனாலும் உட்காரவைத்துப் பார்ப்பாள். பார்ப்பதற்குக் காசு வாங்கமாட்டாள். பாசாரில் மீன் வாங்கப் போனால்கூட நாலு பேரிடம் அவளைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் வருவேன். பெற்றவர்களே அவ்வளவு பீற்றிக்கொள்வதில்லை.

ஏமி டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தாள். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“ரொம்ப ப்ராக்டிஸ் பண்ணீங்களா ஆன்டி?”

“திருவிழா லா. பண்ணாம?” என்று கரகரத்தேன்.

“தொண்டை களைச்சுப் போயிருக்கு. மருந்து ஒன்னும் வேணாம். தண்ணி நிறைய குடிங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பேசக்கூடாது.”

“மெதுவா பேசலாமா?” வெறும் காற்றாகத்தான் கேட்டேன்.

“குசுகுசுன்னு பேசுறது இன்னும் மோசம். பேசவே கூடாது. பேசினா அன்னைக்குத் திருவிழாப் பூசையில பாட முடியாது, சொல்லிட்டேன்.”

எனக்குச் சுருக்கென்றது. ஒரு மாத்திரை, ஒரு மருந்துத் தண்ணீர், கலர் கலராக ஏதாவது கொடுக்கவேண்டாமா? வெறுங்கையோடு அனுப்பினால் அது வைத்தியமா? நன்றாகக் கேட்டிருப்பேன். பேசத்தான் கூடாதே.

வீட்டில் செபாஸ்டியனுக்குக் கொண்டாட்டம். என்ன கேட்டாலும் தலையாட்டினேன் என்பதால், கேட்காததையெல்லாம் கேட்டார். பாடற்குழுவில் எனக்கு அடுத்து நிற்கிற செலஸ்டினா, “முடியலன்னா நான் பாடுறேன் அக்கா, கவலைப்படாதீங்க” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அந்தக் கவலைப்படாதீங்க எனக்குப் புரியாதா? “பாடுவேன்” என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். மீன்காரர் கெம்போங் மீனுக்கு வாயில் வந்த விலையைச் சொன்னபோதுகூட வாயைத் திறக்கவில்லை. தபசுகாலத்தில்கூட நான் அவ்வளவு ஒறுத்தல் செய்ததில்லை.

சனிக்கிழமை ஏமி என்னைக் கடைக்கு வரச்சொல்லி, ஒரு ‘ஆ’ மட்டும் சொல்லச் சொன்னாள். சொன்னேன். சுத்தமாக வந்தது. அவள் சிரித்தாள்.

“நாளைக்குப் பாடலாம் ஆன்டி. இன்னைக்கு மட்டும் பொறுத்துக்குங்க.”

அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் உள்ளே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் கார்ச் சாவி. காத்திருந்தவர்களைத் தாண்டி நேராக ஏமியிடம் போனார்.

“சளி. ரெண்டு நாளா இருக்கு. ஆன்டிபயோட்டிக் குடு. ஷா ஆலம் போகணும்.”

“வெறும் சளிக்கு அது வேலை செய்யாது அங்கிள். டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கவும் முடியாது. கொஞ்சம் உக்காருங்க, பாத்துச் சொல்றேன்.”

“நீ என்ன டாக்டரா? கடையில நிக்கிற ஆளுதானே? கேட்டதை எடுத்துக் குடு.”

ஏமி மறுபடியும் பொறுமையாகச் சொன்னாள். அவர் எங்கள் பக்கம் திரும்பினார். “ஒன்னும் தெரியாததுங்கல்லாம் வெள்ளைக்கோட்டு மாட்டிக்கிட்டு உக்காந்துடுது” என்றார்.

ஏமியின் முகம் சுண்டிப்போனது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் அவசர அவசரமாகக் கைபேசியில் பதிலைத் தட்டி அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் அதைப் பார்க்காமலே கையால் ஒதுக்கினார்.

நாளைய பாட்டு எனக்கு மறந்துபோனது என்று சொல்லமாட்டேன். நன்றாகவே நினைவிருந்தது.

“தம்பி, இங்க பாரு.” கடை முழுக்கக் கேட்டது. “நான் சாந்தமேரி. தூக்கத்துலகூட பேசுறவ. என் வாய மூட என் புருஷனால ஆகல, ஃபாதரால ஆகல. இந்தப் புள்ள ஒரு வார்த்த சொல்லுச்சு, புதன்கிழமையிலேருந்து நான் வாயத் திறக்கல. மருந்த எடுத்து நீட்ட யாராலயும் முடியும். வேணாம்னு சொல்றதுக்குத்தான் அவ அவ்வளவு படிச்சிருக்கா. கேக்கிறதுன்னா வரிசையில உக்காந்து கேளு.”

கடைசி வார்த்தையில் பழைய கதவு திறந்து மூடிக்கொண்டது. அவ்வளவுதான், குரல் போனது.

முட்டிவலிக்குக் காத்திருந்த தம்புசாமி அண்ணன் மெதுவாகச் சொன்னார். “உண்மைதான் பாஸ். இந்தம்மா பேசாம இருந்ததைப் பாத்து நாங்கள்லாம் பயந்துட்டோம்.”

அந்த ஆள் கார்ச் சாவியை உருட்டிக்கொண்டே வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்தார். அவர் முறை வந்தபோது ஏமி எல்லோரையும் போலவே டார்ச் அடித்து, காய்ச்சல் பார்த்து, எப்போது டாக்டரிடம் போகவேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பினாள். அவரிடமும் காசு வாங்கவில்லை. நானாக இருந்தால் வாங்கியிருப்பேன்.

“ஏன் ஆன்டி பேசினீங்க?” என்று பிறகு கேட்டாள். அவள் கண் நிறைந்திருந்தது. தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை செலஸ்டினா பாடினாள். மேலே ஏறுகிற இடத்தில் கொஞ்சம் இழுத்தாள், மற்றபடி நன்றாகவே பாடினாள். எனக்கு வலித்தது. பாடற்குழுவில் நிற்காமல் செபாஸ்டியன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், என்னையறியாமல் கூடவே முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டேன்.

பக்கத்து வரிசையிலிருந்து ஏமி திரும்பிப் பார்த்தாள். உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

கப்பென்று மூடிக்கொண்டேன். செபாஸ்டியன் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துச் சிரித்தார். சிரிக்கட்டும். இந்தப் பிரிக்பீல்ட்ஸில் சாந்தமேரியின் வாயை மூட ஒருத்தி இருக்கிறாள், அவள் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். கோயில் முழுக்கப் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.